பட்லர் சொன்னது

பர்ன்லி
8 செப்டம்பர் 1929

அன்புள்ள தம்பி பெர்ட்டுக்கு,

அம்மாவும் நானும் நலம். என் இடது முழங்கால் மட்டும் மழை வருவதற்கு முன்பே மழையைச் சொல்லிவிடுகிறது. இந்த ஊரில் அதற்கு ஓய்வே கிடையாது. நீ அனுப்பிய ஆரஞ்சுப் பெட்டி வந்தது. அம்மா தெருவில் வீட்டுக்கு இரண்டு என்று கொடுத்துவிட்டு எங்களுக்கு மூன்றை மிச்சம் வைத்தாள். உன் உடம்பு எப்படி இருக்கிறது?

உன் படம் செவ்வாய்க்கிழமை ஆல்பியன் கொட்டகைக்கு வந்தது. சுவரொட்டியில் உன் பெயர் ஏழாவது: ஹ்யூபர்ட் லாங்லி. “மிஸ், உங்க தம்பி பேரு ஏன் வேறயா இருக்கு?” என்று என் வகுப்புப் பெண்கள் கேட்டார்கள். பெர்ட் ஹார்க்ரீவ்ஸ் என்ற பெயரை வைத்துக்கொண்டு யாரும் கர்னல் ஆக முடியாது என்றேன்.

நன்றாகத்தான் செத்தாய். எனக்குத் தெரிந்து இது உன் பதினோராவது சாவு. கதாநாயகி மடியில் தலை வைத்து, கண் செருகி, வாய் திறந்து ஏதோ சொல்கிறாய். “என் படைக்கு என் வணக்கத்தைச் சொல்” என்று திரையில் எழுத்து வந்தது. பியானோக்காரர் உருகி உருகி வாசித்தார். பின்வரிசையில் விசும்பல். முன்வரிசையில்தான், பெர்ட், ஒரே சிரிப்பு. அம்மா, அடுத்த வீட்டு ஆலிவ் க்ராப்ட்ரீ, அவர்களோடு தறி ஓட்டிய பத்துப் பதினைந்து பெண்கள், எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள். எழுத்து வந்ததும் சிரிப்பு இரண்டு மடங்காயிற்று. ஆலிவ் நாற்காலியை ஓங்கி ஓங்கி அடிக்கிறாள். எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

வெளியே வந்ததும் கேட்டேன். “பெத்த புள்ள சாகுறான், நீ சிரிக்கிற. என்னம்மா இது?”

“பல்லுல கடலை மாட்டிக்கிச்சுடி.”

“பல்லுல மாட்டினா சிரிப்பாங்களா?”

“எனக்குச் சிரிப்பு வரும்.”

இது முதல் தடவையும் அல்ல. மூன்று வருடம் முன்பு ஒரு படத்தில் நீ விருந்துக் கூட்டத்தில் கோப்பையோடு ஒரு நிமிடம் நின்றாய், அவ்வளவுதான். அதற்கு வீடு வரும்வரை அழுதாள். மறுநாளே வாத்துக் கொழுப்பை உருக்கி, நெஞ்சில் தடவ ஒரு புட்டி உனக்கு அனுப்பினாள். இப்போது கம்பளிக் காலுறை பின்ன ஆரம்பித்திருக்கிறாள், இரண்டு ஜோடி. அங்கே பனி பெய்கிறதா? அறுபத்தாறு வயதில் அம்மாவுக்கு மனம் தடுமாறுகிறதோ என்று எனக்குக் கவலை.

ஆல்பியனில் பேசும் படத்துக்கான கருவி வைக்கப் போகிறார்களாம். மேலாளர் ஆர்மராட் பியானோவை விற்றுவிட்டார். நீயும் பேசுவாயா?

உன் அக்கா,
வின்னி

*

ஹாலிவுட்
2 அக்டோபர் 1929

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். வெயிலில் மூக்கு உரிந்திருப்பதைத் தவிரக் குறை ஒன்றும் இல்லை. உன் முழங்காலுக்கு என் அனுதாபம்.

அம்மா சிரித்தால் சிரிக்கட்டும், விடு. பதினொரு தடவை செத்தவனைப் பார்த்து எத்தனை தடவைதான் அழ முடியும்? காலுறையை அனுப்பிவை. படம் பிடிக்கும் கூடத்தில் சிமெண்டுத் தரை, காலையில் சில்லென்று இருக்கும்.

இப்போது முக்கியமான செய்தி. நானும் பேசப் போகிறேன்! பிரபு வீட்டு பட்லர் வேடம். எஜமானுக்குக் கதவு திறந்து, மேசைக்குப் பின்னால் நின்று, கடைசியில் அவருக்குப் பதிலாகக் குண்டு வாங்கிச் சாக வேண்டும். பதினெட்டு வரி வசனம். பிரபு வீட்டுப் பேச்சைக் கற்றுத்தர ஓர் அம்மாள் வருகிறார். பிரபுவை அவர் கண்ணால் பார்த்ததில்லை, நானும் பார்த்ததில்லை, அதனால் சண்டை இல்லை. பேசும் படம் வந்ததிலிருந்து இங்கே பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட்டுக்குப் பதினோரு இங்கிலாந்துக்காரர்கள் தேறுவதே கஷ்டமாகிவிட்டது. என்னை வைத்திருக்கிறார்கள், இந்தப் படம் முடிந்தபின் தெரியும்.

அக்கா, பதினேழு வருடம் கழித்து அம்மா என் குரலைக் கேட்கப் போகிறாள். தறிச் சத்தத்தில் அவள் காது கொஞ்சம் மந்தம்தான். ஆனால் இந்தக் கருவியின் சத்தம் கல்லறையையே எழுப்பும். அவளிடம் இன்றைக்கே சொல்.

அன்புடன்,
பெர்ட்

*

பர்ன்லி
20 அக்டோபர் 1929
(எழுதி, தபாலில் சேர்க்காதது)

பெர்ட்,

நலம் விசாரித்து ஆரம்பிக்க இன்று முடியவில்லை.

அம்மாவுக்குக் காது கேட்பதில்லை. மந்தம் இல்லை, சுத்தமாகக் கேட்பதில்லை. இரண்டு குளிர்காலமாக இப்படித்தான். கெட்டில் கத்துவது தெரியாது. தேவாலயத்தில் ஆர்கன் ஆரம்பித்துவிட்டதா என்று தெரிந்துகொள்ள முன்னால் இருக்கும் பலகையில் உள்ளங்கையை வைத்துப் பார்க்கிறாள். நான் பேசும்போது என் வாயையே பார்க்கிறாள். முதுகைக் காட்டிக்கொண்டு பேசினால் பதில் வராது. பத்து வயதிலிருந்து ஐம்பது வருடம் முந்நூறு தறிகளுக்கு நடுவே நின்றவள்.

நீ கேட்டபடி விஷயத்தைச் சொன்னேன். “அப்போ இனிமே எழுத்து வராதா?” என்றாள்.

“வராதும்மா. எல்லாம் பேச்சுத்தான்.”

“வாய் அசையுமில்ல?”

“அது அசையும்.”

“அப்ப சரி” என்று காலுறையை எடுத்துக்கொண்டாள்.

எழுத்து இருந்தவரை கதையாவது புரிந்திருக்கும். இனி அதுவும் கிடையாது. அவள் இவ்வளவு தூரம் வந்து உன் முகத்தைப் பார்ப்பாள், உன் குரல் அவள் தலைக்கு மேல் போகும். இதை நான் உனக்கு எப்படி எழுதுவது?

*

பர்ன்லி
21 அக்டோபர் 1929

அன்புள்ள பெர்ட்,

எல்லோரும் சுகம். அம்மாவிடம் சொன்னேன். மிகவும் மகிழ்ந்தாள். முதல் ஜோடிக் காலுறை முடிந்துவிட்டது. இங்கே நல்ல மழை. பரீட்சைத் தாள்கள் குவிந்து கிடப்பதால் அதிகம் எழுத நேரமில்லை.

அன்புடன்,
வின்னி

*

ஹாலிவுட்
10 நவம்பர் 1929

அன்புள்ள அக்காவுக்கு,

நலம் என்றுதான் எழுதுவேன், எழுதுகிறேன். காலுறை வந்தது. போட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

பேசும் படம் எடுப்பது நீ நினைப்பது போல இல்லை. சத்தம் பிடிக்கும் கருவியைப் பூச்சாடிக்குள் ஒளித்து வைத்திருக்கிறார்கள். கதாநாயகன் காதலைப் பூச்சாடியிடம்தான் சொல்கிறான். யாரும் நகரக் கூடாது, தும்மக் கூடாது. முன்பெல்லாம் படம் ஓடும்போது வாய்க்கு வந்ததைப் பேசலாம். யாருக்குக் கேட்கப் போகிறது? இப்போது வசனம் இல்லாத நேரத்தில் உதடு அசையக் கூடாது என்று இயக்குநர் ஆணை போட்டிருக்கிறார். வாய் அசைந்து சத்தம் வராவிட்டால், கருவி கெட்டுவிட்டது என்று ஜனங்கள் டிக்கெட் காசைத் திருப்பிக் கேட்பார்களாம். போன வாரம் மாடிப்படியில் நின்று முணுமுணுத்த ஒருவரை அன்றைக்கே கணக்குத் தீர்த்து அனுப்பிவிட்டார்கள்.

சாகும்போதுகூட எழுதிக் கொடுத்ததைத் தவிர ஒரு சொல் உதட்டில் வரக் கூடாது. இதை ஏன் இவ்வளவு நீட்டி எழுதுகிறேன் என்று கேட்காதே.

நீ என் ஒரே ஒரு கேள்விக்கு நேராகப் பதில் எழுது. உன் சின்னக் கடிதம் எனக்குப் பிடிக்கவில்லை. அம்மாவுக்கு எவ்வளவு கேட்கிறது?

பெர்ட்

*

பர்ன்லி
1 டிசம்பர் 1929

பெர்ட்டு தம்பிக்கு,

அடுத்த வீட்டு ஆலிவ் க்ராப்ட்ரீ எழுதுறது. இங்க எல்லாரும் நல்லாருக்கோம், நீ நல்லாருக்கணும். எனக்கு எழுத்து அவ்வளவா வராது. விலாசம் ஆரஞ்சுப் பெட்டியில இருந்துச்சு. வின்னி மத்தியானம் ஞாயிறு வகுப்பு எடுக்கப் போயிருக்கு. உங்கம்மா பக்கத்துல உக்காந்து சொல்லுது, நான் எழுதுறேன். உங்கம்மா அச்செழுத்தக் கூட்டிப் படிக்கும், கையெழுத்து படிக்கவும் வராது, எழுதவும் வராதுன்னு உனக்கே தெரியும்.

உங்கம்மா சொல்லுது: உன் கடுதாசிய வின்னி படிச்சுக் காட்டுச்சு. கடைசியில ஒரு இடத்துல உதட்ட மூடிக்கிச்சு. அங்க என்ன எழுதியிருந்தேன்னு எனக்குத் தெரியும்டா. ஆமா, காது போயிருச்சு. ரெண்டு வருசமாச்சு. போனது போனதுதான்.

ஆனா அந்த இயக்குநர் யாரு, உன் வாயைக் கட்டுறதுக்கு? இந்தப் பன்னெண்டு வருசமா நீ படத்துல வந்து என்கிட்ட பேசினே. சின்ன வயசுல நீயும் என்கூட நின்ன தறிக்கூடத்துல முந்நூறு தறி அடிக்கிறப்போ நாம எப்படிப் பேசிக்கிட்டோமோ அப்படியே, சத்தமில்லாம, வாயை அகலமா அசைச்சு. அந்தப் படத்துல விருந்துல நின்னுக்கிட்டு, நெஞ்சுச் சளி, ஆறு வாரம் ஆஸ்பத்திரி, அக்காகிட்ட சொல்லாதேன்னே. நான் சொல்லல. கர்னலா செத்தப்போ, இவ வெங்காயம் தின்னுட்டு வந்திருக்கா, சீக்கிரம் சாகவிடுங்கன்னே. காலு சில்லுன்னு இருக்கு, காலுறை வேணும்னே. வந்துச்சில்ல? உன் குரலு எனக்கு வேணாம். குரலக் கொண்டுபோய் ஊருக்குக் குடு. வாயை மட்டும் மூடிறாதே.

இனிமே ஆலிவ் சொல்லுறது: தம்பி, உங்கம்மா இதச் சொல்லிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கிச்சு. அழுவல, ஆனா திரும்பிக்கிச்சு. நீ பேசாத படம் வந்தா உங்கம்மாவுக்கு அது சாவு வீட்டப் பாக்குற மாதிரிதான். ஏதாச்சும் வழி பண்ணு. உனக்கு மூளை இருக்குன்னு உங்கக்கா எப்பவும் சொல்லும்.

ஆலிவ்

*

ஹாலிவுட்
29 டிசம்பர் 1929

அன்புள்ள அக்காவுக்கு,

புது வருட வாழ்த்து. கிறிஸ்துமஸ் அன்று சுள்ளென்ற வெயிலில் பிளம் புட்டிங் சாப்பிட்டோம். நான் நலம், மிக மிக நலம்.

படம் முடிந்தது. கடைசியாக எடுத்தது விருந்துக் காட்சி. காதலர்கள் எதிரெதிரே உட்கார்ந்து நாலு நிமிடம் பேசுகிறார்கள். நான் பின்னால் தட்டை ஏந்திக்கொண்டு நிற்கிறேன், அவ்வளவுதான். எனக்கு அதில் ஒரு வரிகூடக் கிடையாது.

படம் வரும்போது அம்மாவை முன்வரிசையில், நடுவில் உட்கார வை. ஆலிவையும்.

அன்புடன்,
பெர்ட்

*

பர்ன்லி
2 மார்ச் 1930

அன்புள்ள பெர்ட்,

இரண்டு மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரியும் இல்லை. சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். கோபமாக இருந்தால் அது நியாயம்தான். நேராகப் பதில் எழுது என்றாய், நான் எழுதவில்லை.

அம்மாவுக்குக் காது அறவே கேட்காது. அக்டோபரிலேயே இதை எழுதி, உறைக்குள் போட்டு, மேசை இழுப்பறையில் பூட்டி வைத்தேன். உன் சந்தோஷத்தைக் கெடுக்கக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில், கெட்ட செய்தியை எழுதும் கை என்னுடையதாக இருக்க வேண்டாம் என்றுதான் இருந்தது. கடிதம் எழுதுகிறவளுக்கு இந்த வசதி உண்டு. எதை விடுவது என்று அவளே தீர்மானிக்கலாம். என் மாணவிகள் இப்படிச் செய்தால் கண்டிப்பேன்.

பட்லர் படம் மே மாதம் வருகிறது. அம்மா நாள் எண்ணுகிறாள். அவளை முன்வரிசையில் உட்கார வைப்பேன். அதற்கு மேல் என்ன செய்வதென்று தெரியவில்லை.

மன்னித்துவிடு.
வின்னி

*

பர்ன்லி
11 மே 1930

அடே பெர்ட்,

நாங்கள் நலம். மூன்று நாளாகச் சிரித்ததில் ஆலிவுக்கு விலா வலி, அவ்வளவுதான். நீ ஒரு போக்கிரி. இதை முதலில் எழுதிவிட்டு மற்றதற்கு வருகிறேன்.

வியாழக்கிழமைதான் முதல் நாள். மில் விட்டதும் பாதிப் பேர் மரச்செருப்பைக்கூடக் கழற்றாமல் வந்துவிட்டார்கள். வாசலில் ஆர்மராட் கறுப்புக் கோட்டும் கையுறையுமாக நின்று, “நம்ம ஊரு நட்சத்திரம், நம்ம ஊருல முதல் பேசும் படம்” என்று எல்லோருக்கும் கை கொடுத்தார். படம்தான் நிற்காமல் திரும்பத் திரும்ப ஓடுகிறதே, வழக்கம்போல நாங்கள் நடுவில்தான் நுழைந்தோம். நீ செத்துக்கொண்டிருந்தாய். உன் குரலைக் கேட்டேன். பெர்ட், அது யாருடைய குரல்? மெழுகு பூசியது போல இருந்தது. ஆனால் கடைசி மூச்சு விடும்போது ஒரு செருமல் செருமினாய். அது அப்பாவின் செருமல். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. பக்கத்தில் அம்மா திரையையே பார்த்துக்கொண்டு கல் மாதிரி இருந்தாள். உன் உதடு எழுதிக் கொடுத்ததைத் தவிர எதையும் சொல்லவில்லை போலிருக்கிறது. ஆலிவ் அவள் கையைப் பிடித்தாள். அப்போது எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. காது கேட்காத துக்கம் என்று நினைத்தேன்.

படம் முடிந்து மறுபடி முதலிலிருந்து ஓடியது. விருந்துக் காட்சி வந்தது. காதலர்கள் பேச ஆரம்பித்தார்கள். கதாநாயகன் தன் நோயைப் பற்றிச் சொல்கிறான், நான் கைக்குட்டையைத் தேடுகிறேன். அந்த நேரத்தில் அம்மா ஒரு சத்தம் போட்டாள் பார், கோழி முட்டையிட்டது போல! பின்னால் இருந்து ஒரு சிரிப்பு. பக்கவாட்டில் ஒன்று. அடுத்த நிமிடம் கொட்டகையே ஆடியது. காதலி கண்ணீர் விடுகிறாள், முந்நூறு பேர் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள்.

ஆர்மராட் பதறிப்போய் விளக்கைப் போட்டு, படத்தை நிறுத்தி, மேடையில் ஏறினார். “என்னங்க ஆச்சு? சத்தம் சரியா கேக்கலையா?”

ஆலிவ் எழுந்து நின்றாள். “சத்தத்தக் குறைய்யா! அந்தப் பொண்ணு அழுற அழுகையில பட்லர் சொல்றதுல மனசே நிக்க மாட்டேங்குது!”

“பட்லரா? பட்லர் பேசவே இல்லையே!”

“உனக்குப் பேசல. எங்களுக்குப் பேசுறாரு. உக்காருய்யா, முதல்லருந்து போடு!”

ஆர்மராட் போட்டார். வேறு வழி?

இந்த முறை நான் காதலர்களைப் பார்க்கவில்லை. அவர்கள் தலைகளுக்கு நடுவே, தட்டை ஏந்திக்கொண்டு நிற்கும் உன்னைப் பார்த்தேன். உன் வாய் ஓயாமல் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு நெற்றியில் அடித்தது போலிருந்தது. இந்த ஊரில் பிறந்து, தெருவின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்குத் தறிக்காரப் பெண்கள் சத்தமில்லாமல் வம்பு பேசுவதை நாற்பது வருடமாகப் பார்த்தவள் நான். திரையில் அசைவதும் வாய்தான் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நான் எழுத்தைப் படித்துக்கொண்டிருந்தேன்.

நாங்கள் நுழைந்த இடம் மறுபடி வந்தபோது வழக்கப்படி எழுந்திருக்க வேண்டும். ஒருவரும் எழவில்லை. உன் சாவைப் பொருட்படுத்தாமல் உட்கார்ந்து, விருந்துக்காக இன்னொரு முறை காத்திருந்தார்கள்.

வீட்டுக்கு வந்து அம்மாவின் முகத்துக்கு நேராக உட்கார்ந்தேன். “என்னதான் சொன்னான்? ஒண்ணு விடாம சொல்லு.”

சொன்னாள். மேசை மேலிருக்கும் வாத்து மரத்தில் செய்தது என்றாயாம். சூப் மூன்று நாள் பழசு என்றாயாம். கதாநாயகனின் முடி பசையால் ஒட்டியது, இடப்பக்கம் கிளம்புகிறது, பாருங்கள் என்றாயாம். ஆர்மராட் பியானோவை விற்றதற்கு அவரைத் திட்டினாயாம். பிறகு, “காது போனா என்னம்மா? நமக்கு எப்ப அது வேண்டியிருந்துச்சு?” என்றாயாம். அதைச் சொல்லும்போது அம்மா கையால் வாயை மூடிக்கொண்டாள். அவள் பேசும்போது வாயை மூடி நான் பார்த்ததே இல்லை.

“பன்னெண்டு வருஷம், ஒரு வார்த்தை என்கிட்ட சொல்லணும்னு தோணலையாம்மா?”

“உனக்குத்தான் கடுதாசி வருதே. அத நீதானே படிச்சு எனக்குக் காட்டுறே. கடுதாசி உன்னுது. இது என்னுதுன்னு வச்சிக்கிட்டேன்.”

“எனக்கும் கத்துக் குடுத்திருக்கலாம்.”

“உன்னத் தறிப்பக்கமே விடக்கூடாதுன்னுதானேடி நான் ஆறு தறி ஓட்டினேன். காலேஜுக்குப் போனவளுக்கு இது எதுக்குன்னு இருந்துட்டேன்.”

எனக்குக் கோபம் வரவில்லை. அவள் என்னைத் தூக்கி உயரத்தில் வைத்தாள். அங்கிருந்து பார்த்தால் கீழே பேசுவது தெரியாது. அது யார் குற்றமும் இல்லை. உன் சளியும் ஆறு வார ஆஸ்பத்திரியும்கூட இப்போதுதான் எனக்குத் தெரிந்தது. நீயும் இழுப்பறையில் பூட்டி வைக்கிறவன்தான்; உன் இழுப்பறைக்கு மட்டும் முந்நூறு சாவி.

திங்கட்கிழமையிலிருந்து எனக்குப் பாடம். வாத்தியார் அம்மா. நான் மந்தமான மாணவியாம்.

ஒன்று மட்டும் பாக்கி. காட்சியின் கடைசியில், காதலி எழுந்து போகும் நேரத்தில், நீ ஏதோ சொன்னாய். சிரிப்பு நின்றது. கொட்டகை மொத்தமும் திரும்பி என்னைப் பார்த்தது. அப்புறம் எல்லோரும் சட்டென்று வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்கள். என்ன சொன்னாய்? அம்மாவைக் கேட்டால் பல்லில் கடலை மாட்டிக்கொண்டதாம். அன்றிலிருந்து இறைச்சிக் கடைக்காரர் என்னைப் பார்த்துக் கண்ணடிக்கிறார். என் தலைமையாசிரியை, காரணம் இல்லாமல், ஜூலையில் நான் நல்ல தொப்பி போட வேண்டும் என்கிறார்.

உன் அக்கா,
வின்னி

*

ஹாலிவுட்
4 ஜூன் 1930

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். ஒரு தடவை கிரிக்கெட் மைதானத்தில் உரக்க. ஆட்டம் நின்றுவிட்டது.

நீ எழுதியதைப் படித்தபின்தான் எனக்கு மூச்சு வந்தது. அந்தக் காட்சியை எடுத்த அன்று துணிச்சலுக்கு அம்மாவின் காலுறையைப் போட்டுக்கொண்டு நின்றேன். இயக்குநர் பார்த்திருந்தால் அன்றைக்கே வெளியேற்றியிருப்பார். பார்க்கவில்லை. படம் பிடித்தவர், வெட்டி ஒட்டியவர், முதலாளி, அவர் மனைவி, யாரும் பார்க்கவில்லை. கதாநாயகி அழும்போது பட்லர் முகத்தை யார் பார்க்கிறார்கள்? இத்தனை வருடம் என்னை யாரும் கவனிக்கவில்லை என்று வருத்தப்பட்டதெல்லாம் வீண்.

கூத்து இன்னும் இருக்கிறது. “பட்லரின் உதடுகளில் அடக்கி வைத்த துயரம் துடித்தது” என்று ஒரு பத்திரிகை எழுதியிருக்கிறது. அதைப் படித்துவிட்டு முதலாளி என்னை இன்னும் மூன்று வருடத்துக்கு ஒப்பந்தம் செய்திருக்கிறார். இனி எல்லாப் படத்திலும் பின்னால் நின்று துடிக்க வேண்டுமாம்.

கடைசியில் என்ன சொன்னேனா? நினைவில்லை. வாத்தைப் பற்றியிருக்கும். இந்த வருடமும் ஊருக்கு வர முடியாது போலிருக்கிறது, வருத்தம்தான். அம்மாவை மில் விடுமுறையில் ப்ளாக்பூல் கடற்கரைக்கு நீயே அழைத்துப் போ.

அன்புடன்,
பெர்ட்

*

பர்ன்லி
2 ஜூலை 1930

(லிவர்பூல் கப்பல் அலுவலகத்தில், நியூயார்க்கிலிருந்து வந்து இறங்கும் பயணி ஹெர்பர்ட் ஹார்க்ரீவ்ஸ் கையில் சேர்க்கவும்)

அன்புள்ள தம்பிக்கு,

கடல் பயணம் சுகமாக இருந்திருக்கும் என்று நம்புகிறேன். உனக்குச் சின்ன வயதில் ப்ளாக்பூல் படகிலேயே வாந்தி வரும்.

அந்தப் படம் போன வாரம் பக்கத்து ஊருக்கு வந்தது. அம்மாவிடம் நூலகத்துக்குப் போவதாகச் சொல்லிவிட்டுத் தனியாகப் போனேன். ஆறு வாரப் பாடத்தில் எனக்குப் பாதிதான் பிடிபடுகிறது. வாத்து தெரிந்தது. சூப் தெரியவில்லை. முடி தெரிந்தது. காதலி எழுந்தாள். நான் முன்னால் குனிந்து உன் வாயை மட்டும் பார்த்தேன். “ஜூலை மில் லீவுக்கு வர்றேன். வின்னிகிட்ட மூச்சு விடாதீங்க. அக்கா மூஞ்சி எப்படி ஆகுதுன்னு நான் பாக்கணும்.”

இருட்டில் உட்கார்ந்து நான் போட்ட சத்தத்தில் பக்கத்திலிருந்தவர் எழுந்து இடம் மாறிவிட்டார்.

படம் தாமதமாகியிருந்தால் நீ வந்து போன பிறகுதான் வருகிறேன் என்று சொல்லியிருப்பாய். அதை யோசித்தாயா? யோசித்திருக்க மாட்டாய்.

எனக்குத் தெரியும் என்று இங்கே யாருக்கும் தெரியாது. ஒரு ஊர் முழுக்க இரண்டு மாதமாக ஒரு ரகசியத்தைக் காப்பாற்றுகிறது, அதைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. நேற்று அம்மா வாசலிலும் ஆலிவ் எதிர்ப்பக்கத்திலும் நின்று, என் முன்னாலேயே, சத்தமில்லாமல், “வெள்ளிக்கிழமை நாலு மணி ரயிலு” என்றும், “ஏதாச்சும் சாக்குச் சொல்லி இவள ஸ்டேஷனுக்கு இழுத்துட்டு வந்துரு” என்றும் பேசிக்கொண்டார்கள். ஆலிவுக்கு நீ தந்தி கொடுத்திருக்க வேண்டும்; உன் கப்பலை நான் செய்தித்தாளில் கண்டுபிடித்தேன். நான் ரோஜாச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. ஆலிவின் தங்கை வருகிறாளாம், மூட்டை தூக்க நான் வர வேண்டுமாம். ஆலிவுக்குத் தங்கையே கிடையாது.

ஆச்சரியப்படும் முகத்தை ஒரு வாரமாகக் கண்ணாடி முன் பழகுகிறேன். நம் வீட்டில் நீ ஒருவன்தான் நடிகன் என்று நினைத்துக்கொள்ளாதே. தலைமையாசிரியை சொன்ன தொப்பியும் வாங்கிவிட்டேன். நீல நிறம், கூட்டத்தில் அதைப் பார்.

இந்தக் கடிதம் நம் இருவருக்குள் இருக்கட்டும். எனக்கும் ஒரு ரகசியம் இருக்க வேண்டும் அல்லவா?

ரயில் நின்ற பிறகு கதவு திறந்து நீ இறங்குவதற்குள் அம்மா உன் கழுத்தைக் கட்டிக்கொள்வாள். பிறகு பாதி பர்ன்லி உன் மேல் விழும். எனக்கு முறை வர ராத்திரியாகிவிடும். அதனால் ரயில் நடைமேடைக்குள் நுழையும்போதே சன்னல் பக்கம் வந்து நில். கண்ணாடி மூடியிருக்கட்டும். எஞ்சின் இரைச்சலில் ஒன்றும் கேட்காது, கேட்க வேண்டியதும் இல்லை. வாயை அகலமாக, மெதுவாக அசை. நான் இன்னும் முதல் வகுப்புத்தான்.

அம்மாவிடம் பன்னிரண்டு வருடம் பேசிவிட்டாய். வெள்ளிக்கிழமை முதல் வார்த்தை எனக்கு.

உன் அக்கா,
வின்னி